எந்தக் கேள்விக்கு எந்தத் தடயம்?

தடயவியல் துப்பறியும் நாவல் என்பது, குற்றவாளியைத் துப்பறிவாளரின் கூர்மதியைக் கொண்டு மட்டும் பிடிக்காமல், பிணக்கூராய்வு, கைரேகை, இரத்தக்கறை, நஞ்சுப் பரிசோதனை, டிஎன்ஏ ஒப்பீடு முதலிய ஆய்வுக்கூடச் சான்றுகளின் வழியாக நெருங்கிச் செல்லும் கதைவகையாகும். இவ்வகை நாவலைப் படித்து முடித்தவர் அதைப் பற்றிச் சொல்லும் கருத்து, பிற நாவல்களைப் பற்றிய கருத்துகளிலிருந்து ஒரு வகையில் வேறுபடுகிறது. கதைமாந்தர், நடை, விறுவிறுப்பு ஆகியவற்றோடு, ‘உண்மையில் இப்படி நடக்குமா’ என்ற ஐயமும் அங்கே மதிப்பீட்டின் ஒரு பகுதியாகி, ஆய்வுக்கூடத்திற்குள் ஒருமுறையும் நுழைந்திராத வாசகரையும் அறிவியலுக்குத் தீர்ப்பு வழங்குபவராக மாற்றிவிடுகிறது.

இவ்வாசகர்கள் பொதுவாகக் கூறும் குறைகளைத் தொகுத்துப் பார்த்தால் அவை நான்கு வகைக்குள் அடங்கும். இறந்த நேரம் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னது போலத் துல்லியமாக அறிவிக்கப்படுகிறது என்பது முதல் குறை. டிஎன்ஏ அறிக்கை மாலைக்குள் மேசைக்கு வந்துவிடுகிறது என்பது இரண்டாவது. ஒரே நிபுணர் பிணத்தை அறுப்பதும், துப்பாக்கிக் குண்டை ஆராய்வதும், குற்றவாளியைத் துரத்துவதும் ஆகிய எல்லாவற்றையும் செய்துவிடுகிறார் என்பது மூன்றாவது. இறுதியில் பிடிபடுபவர் கதையில் முன்பு தலைகாட்டாத அந்நியராக இருக்கிறார் என்பது நான்காவது. பாராட்டோ பெரும்பாலும் ஒன்றே: சாட்சி பிறழலாம், தடயம் பொய் சொல்லாது என்ற நிறைவு. இந்தக் குறைகளும் இந்தப் பாராட்டும் எந்த அளவுக்குப் பொருத்தமானவை என்பதை அளந்து பார்ப்பதற்கு, புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுந்த இரண்டு வழக்குகள் உரைகல்லாக அமைகின்றன. ஒன்றில் டிஎன்ஏ ‘ஆம்’ என்றது; மற்றொன்றில் ‘இல்லை’ என்றது. இரண்டு விடைகளுக்கும் பொருள் என்ன என்பதில்தான் புனைகதைக்கும் நீதிமன்றத்திற்கும் இடையேயான தூரம் இருக்கிறது.

புதிர்க் கதையும் தடயக் கதையும்

துப்பறியும் கதையில் இரு மரபுகள் உண்டு. முதலாவது புதிர் மரபு. ஒரு வீடு, அதில் கூடிய சிலர், ஒரு பிணம், ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் என்று தொடங்கி, வாசகருக்கு முன்பே காட்டப்பட்ட முகங்களுள் ஒன்றைக் கடைசியில் சுட்டிக்காட்டுவது அதன் இலக்கணம். இரண்டாவது தடய மரபு. இது காரணத்திலிருந்து தொடங்காமல், சம்பவ இடத்தில் எஞ்சிய பொருளிலிருந்து தொடங்குகிறது. 1990இல் வெளிவந்த பட்ரீஷியா கார்ன்வெல்லின் ‘போஸ்ட்மார்ட்டம்’ இந்த இரண்டாம் மரபை உலகெங்கும் பரப்பிய நாவலாகும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் தலைமை மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு அவர் படைத்த கே ஸ்கார்பெட்டா என்ற மருத்துவர், துப்பறியும் நாயகருக்கு உரிய இடத்தைப் பிணக்கூராய்வு மேசைக்கு மாற்றினார். உடலில் மின்னும் ஒருவகைத் துகள், சம்பவ இடத்தில் உணரப்பட்ட இனிப்பான ஒரு மணம் ஆகிய இரண்டு சிறு தடயங்களைச் சுற்றியே அந்நாவலின் தேடல் நகர்கிறது. அந்த மணம், சில அமினோ அமிலங்களைச் சிதைக்க உடலால் இயலாமல் போவதால் வியர்வையிலும் சிறுநீரிலும் மேப்பிள் பாகின் வாசனை வீசச் செய்யும் அரிய மரபுநோயின் அறிகுறியாகக் கதையில் பயன்படுகிறது.

இந்நாவலின் கொலையாளி, வாசகர் சந்தேகப்பட்ட முகங்களுள் ஒருவராக இல்லாமல், கதைக்கு வெளியிலிருந்து வந்தவரைப் போலத் தோன்றுவது பலருக்கும் ஏமாற்றமாக அமைந்தது. புதிர் மரபின் அளவுகோலால் பார்த்தால் அது குறைதான். ஆனால் தடய மரபின் தருக்கப்படி, ஒரு தலைமுடிக்கோ ஒரு துளி இரத்தத்திற்கோ கதையின் மாந்தர் பட்டியல் தெரியாது. அது யாரிடமிருந்து வந்ததோ அவரையே காட்டும், அவர் முதல் அத்தியாயத்தில் அறிமுகமானவரா என்று அது பார்ப்பதில்லை. ஆகவே நான்காவது குறை, அறிவியலின் மீதான குறையாக நிற்காமல், ஒரு மரபின் விதியை மற்றொரு மரபின் மீது சுமத்துவதால் எழும் குறையாகிறது.

தமிழ் வாசகருக்கு இந்த எதிர்பார்ப்பு இயல்பானதே. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் காலத்திலிருந்து தமிழில் துப்பறியும் கதை பெரும்பாலும் புதிர் மரபிலேயே வளர்ந்தது. பின்னர் வந்த சுஜாதாவின் கணேஷ்–வசந்த் வழக்கறிஞர்கள். ராஜேஷ்குமாரின் விவேக் காவல்துறையைச் சேர்ந்தவர். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலாவும் சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தியும் தனியார் துப்பறிவாளர்கள். இவர்களுக்குப் பிணக்கூராய்வு அறிக்கை ஒரு தொலைபேசி அழைப்பில் வந்து சேரும். அதை எழுதிய மருத்துவர் ஓரிரு வரிகளுக்கு மேல் கதையில் நிற்பதில்லை. பேருந்து நிலையக் கடையில் வாங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் படித்து முடிக்கும் மாத நாவலின் அளவுக்குள் ஆய்வுக்கூடத்தின் நிதானம் அடங்குவதும் அரிது. எனவே தடயவியலை மையமாகக் கொண்ட நாவலைக் கையிலெடுக்கும் தமிழ் வாசகர், புதிர்க் கதையின் வேகத்தையும் ஆய்வுக்கூடத்தின் துல்லியத்தையும் ஒருசேர எதிர்பார்க்கிறார். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுபவை.

இறந்த நேரம் என்னும் மயக்கம்

முதல் குறை முற்றிலும் நியாயமானது. இறந்தபின் உடல் குளிர்வதும், தசைகள் விறைப்பதும், இரத்தம் கீழ்ப்புறமாகத் தேங்கித் தோலில் கருஞ்சிவப்பு நிறம் படிவதும் இறந்த நேரத்தைக் கணிக்க உதவும் மூன்று அடிப்படை மாற்றங்களாகும். நாவல்களில் அடிக்கடி வரும் கணக்கு, உடல் மணிக்குச் சுமார் ஒன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் வீதம் குளிரும் என்பதாகும். குளிர்நாடுகளின் அறைவெப்பத்தை மனத்தில் கொண்டு உருவான இக்கணக்கு, புதுக்கோட்டையின் சித்திரை, வைகாசி மாதங்களில் செல்லுபடியாகாது. ஓட்டு வீட்டுக்குள் நண்பகல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, அது உயிருள்ள உடலின் வெப்பத்துக்குச் சமமாகிவிடுகிறது. சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலான வெப்பம் உடலில் இல்லாதபோது, அது குளிர்வதற்கு வழியே இல்லை. வெப்பமானியைக் கொண்டு இறந்த நேரத்தைச் சொல்லும் நிபுணர் அங்கே கையைப் பிசைந்து நிற்க வேண்டியதுதான்.

விறைப்பும் அவ்வாறே இடத்திற்கும் பருவத்திற்கும் கட்டுப்பட்டது. தசைநார்கள் சுருங்கி மீண்டும் தளர்வதற்கு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு தேவை. உயிர் நின்றபின் அது புதிதாக உருவாவதில்லை என்பதால், இருப்பு தீர்ந்ததும் நார்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு உடல் விறைக்கிறது. பின்னர் தசைப் புரதங்களே சிதையத் தொடங்கும்போது அந்தப் பூட்டு அவிழ்கிறது. இவையனைத்தும் வேதிவினைகள் ஆதலால் வெப்பம் கூடக் கூட விரைவாக நடக்கும். இந்திய மருத்துவ நூல்கள் விறைப்பு நீடிக்கும் காலத்தைக் குளிர்காலத்தில் 24 முதல் 48 மணி நேரம் என்றும், கோடையில் 18 முதல் 36 மணி நேரம் என்றும் குறிப்பது இதனால்தான். இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு கணக்கின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு முழுப் பகலையோ இரவையோ விழுங்கிவிடும் அளவுக்கு அகலமானது என்பதாகும். ‘இரவு 10.15க்கும் 10.30க்கும் இடையே’ என்று ஒரு நாவலின் மருத்துவர் அறிவிக்கும்போது, அங்கே பேசுவது மருத்துவம் ஆகாது. அடுத்த அத்தியாயத்தில் யாரோ ஒருவருடைய அலிபி உடைய வேண்டும் என்ற கதையின் தேவையே பேசுகிறது. அலிபி என்பது, சம்பவ நேரத்தில் தான் வேறிடத்தில் இருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்வைக்கும் வாதம்.

விராலிமலையில் ஒரு ‘ஆம்’

டிஎன்ஏ பற்றிய குறையும் பாராட்டும் சற்று விரிவான ஆய்வுக்கு உரியவை. புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலைக்கு அருகே பாத்திமா நகரில் ஆசிரமம் நடத்திவந்த, இலங்கையிலிருந்து வந்த பிரேமானந்தா, ஆசிரமத்திலிருந்து வெளியேறிய பெண்கள் கூறிய புகாரைத் தொடர்ந்து 1994இல் கைது செய்யப்பட்டார். சிறுமியர் உட்பட 13 பேர் மீதான பாலியல் வன்கொடுமை, ஆசிரமவாசி ஒருவரின் கொலை ஆகியவை குற்றச்சாட்டுகள். வழக்கைப் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றத்தில் விசாரித்தவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்த ஆர். பானுமதி. 1997 ஆகஸ்டில் அவர் பிரேமானந்தாவுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். சென்னை உயர் நீதிமன்றமும், 2005 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தன.

இவ்வழக்கில் பாதிக்கப்பட்ட பெண் ஒருவரின் கலைக்கப்பட்ட கருவின் திசு டிஎன்ஏ சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. சோதனை நடந்த இடம் ஹைதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம். இந்தியாவில் டிஎன்ஏ ரேகைப் பதிவை நிலைநாட்டிய லால்ஜி சிங் அங்கேதான் பணியாற்றினார். அந்த மையம் உருவாக்கிய முறையின் வரலாற்றில் வியப்புக்குரிய ஒரு செய்தி உண்டு. மனிதர்களை வேறுபடுத்திக் காட்ட லால்ஜி சிங் கண்டறிந்த டிஎன்ஏ துண்டு, கட்டுவிரியன் இனத்தைச் சேர்ந்த, உடலில் பட்டைகள் கொண்ட பாம்பு ஒன்றின் மரபுப்பொருளை ஆராய்ந்தபோது கிடைத்ததாகும். பாம்பில் ஆண், பெண் பால் வேறுபாட்டை ஆராயத் தொடங்கிய தேடல், நாட்டின் நீதிமன்றங்களில் தந்தைமையை நிறுவும் கருவியாக வந்து நின்றது.

அக்காலத்தில் டிஎன்ஏ ரேகைப் பதிவு நடந்த விதத்தை அறிந்தால், ‘மாலைக்குள் அறிக்கை’ எவ்வளவு இயலாதது என்பது விளங்கும். முதலில் திசுவிலிருந்து டிஎன்ஏ பிரித்தெடுக்கப்பட்டு, குறிப்பிட்ட எழுத்து வரிசை வரும் இடங்களில் மட்டும் வெட்டக்கூடிய ஒரு நொதியால் துண்டுகளாக்கப்படும். அத்துண்டுகள் மின்னோட்டம் பாயும் கூழ்மத் தட்டில் ஓடவிடப்படும்போது, சிறியவை வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் நகர்ந்து, நீளத்தின் வரிசையில் பிரிந்து நிற்கும். பிறகு அவை ஒரு சவ்வுத்தாளுக்கு மாற்றப்பட்டு, கதிரியக்க அடையாளம் ஏற்றிய டிஎன்ஏ துண்டால் நனைக்கப்படும். தன்னோடு பொருந்தும் இடங்களில் மட்டும் அது ஒட்டிக்கொள்ளும். கடைசியில் அந்தத் தாளை எக்ஸ்ரே படலத்தோடு சேர்த்து இருட்டில் நாட்கணக்கில் வைத்திருந்தால், கடைகளில் பொருள்களின் மீது காணப்படும் பட்டைக்குறி போன்ற கருங்கோடுகள் படலத்தில் பதியும். ஒவ்வொரு படிக்கும் காத்திருப்பு உண்டு. ஏதேனும் ஒரு படி பிசகினால் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும்.

கோடுகளைப் படிக்கும் முறை எளிய தருக்கத்தைச் சார்ந்தது. ஒரு குழந்தையின் மரபுப்பொருளில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருவதால், குழந்தையின் பட்டையில் காணும் ஒவ்வொரு கோடும் இவ்விருவருள் ஒருவரிடம் இருந்தாக வேண்டும். தாயிடம் உள்ளவற்றைக் கழித்துவிட்டு எஞ்சும் கோடுகள் அனைத்தும் குறிப்பிட்ட ஆணிடம் காணப்பட்டால், அவர் தந்தை என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கிறது. பல கோடுகள் அவரிடம் இல்லையென்றால் அவர் தந்தை அல்லர். ஹைதராபாத் மையத்தின் முடிவு, கருவின் தந்தை பிரேமானந்தாவே என்றது. எதிர்த்தரப்பு பிரிட்டனைச் சேர்ந்த டிஎன்ஏ நிபுணர் ஒருவரை முன்னிறுத்தி அம்முடிவை மறுக்க முயன்றது. நீதிமன்றங்கள் ஹைதராபாத்தின் முடிவையே ஏற்றன.

இவ்விடத்தில்தான் வாசகரின் பாராட்டை நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு நிபுணர்கள் நீதிமன்றத்தில் எதிரெதிர்க் கருத்துகளோடு நிற்க முடியும் என்ற உண்மையே, தடயம் தானாகப் பேசுவதில்லை, ஒருவர் அதைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது. சட்டமும் அதை அறிந்தே நிபுணரின் கூற்றை ‘கருத்து’ என்று அழைத்தது. அக்கருத்தை எடைபோடும் பொறுப்பு நீதிபதியிடமே விடப்பட்டது. மேலும், டிஎன்ஏ இவ்வழக்கில் விடையளித்த கேள்வி ஒன்றே ஒன்று: கருவின் தந்தை யார் என்பது. அப்பெண்ணின் வயது என்ன, அவருடைய விருப்பத்திற்கு மாறாக அது நிகழ்ந்ததா, மற்றப் பன்னிரண்டு பேருக்கு என்ன நேர்ந்தது, கொலையைச் செய்தவர்கள் யார் என்ற கேள்விகளில் எதற்கும் அந்தக் கருங்கோடுகளில் விடை இல்லை. அவற்றுக்கான விடை, அச்சத்தை மீறிச் சாட்சிக்கூண்டில் ஏறி நின்ற பெண்களின் வாய்மொழியிலிருந்தும், பிற சாட்சிகளிடமிருந்தும், மருத்துவப் பரிசோதனையிலிருந்தும், ஆவணங்களிலிருந்தும் வந்தது. ஒரே ஆய்வறிக்கையில் கதை முடிந்துவிடும் நாவலுக்கும், பல சாட்சியங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் நீதிமன்றத் தீர்ப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

வேங்கைவயலில் ஓர் ‘இல்லை’

புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் ஒன்றியத்தைச் சேர்ந்த வேங்கைவயலில், பட்டியல் சமூகத்தவர் குடியிருப்புக்குக் குடிநீர் வழங்கிவந்த மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது 2022 டிசம்பர் இறுதியில் தெரியவந்தது. குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றதும், குடிநீர் மீது சந்தேகம் எழுந்ததும், தொட்டியின் மீது ஏறிப் பார்த்ததுமே இந்தக் கொடுமையை வெளிக்கொணர்ந்தன. 2023 ஜனவரியில் வழக்கு மாநிலக் காவல்துறையின் சிபிசிஐடி பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. நீதிமன்ற அனுமதியோடு சுமார் 30 பேரிடமிருந்து மாதிரிகள் பெறப்பட்டு டிஎன்ஏ ஒப்பீடு செய்யப்பட்டது. எவருடையதும் ஒத்துப்போகவில்லை. 2025 ஜனவரியில் செல்பேசிப் பதிவுகள் உள்ளிட்ட வேறு வகைச் சான்றுகளைக் கொண்டு, அதே குடியிருப்பைச் சேர்ந்த 3 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளிகளாக்குவதாகக் கூறி அம்மக்களும் பல அமைப்புகளும் அதை மறுத்து, விசாரணையைச் சிபிஐக்கு மாற்றக் கோரினர்.

நாவல் வாசகரின் எதிர்பார்ப்பின்படி, டிஎன்ஏ எடுத்த அன்றே இந்த வழக்கு முடிந்திருக்க வேண்டும். ஏன் முடியவில்லை என்பதற்கான முதல் காரணம் தடயப்பொருளின் தன்மையிலேயே இருக்கிறது. இரத்தத்திலோ எச்சிலிலோ உள்ளதைப் போல மனிதக் கழிவில் அந்த மனிதருடைய டிஎன்ஏ செழிப்பாக இருப்பதில்லை. குடலின் உட்சுவரிலிருந்து உதிர்ந்த செல்களே அங்கே மனித டிஎன்ஏவுக்கு மூலம். அவற்றைச் சூழ்ந்து, பெருந்திரளாகப் பாக்டீரியாக்களின் டிஎன்ஏவும், உண்ட உணவிலிருந்த தாவர, விலங்கு டிஎன்ஏவும் கலந்திருக்கும். போதாக்குறைக்கு, டிஎன்ஏவைத் துண்டாடும் நொதிகளும், ஆய்வு வினையையே தடுக்கும் பித்த உப்புகளும் அங்கு உண்டு. அத்தகைய பொருள் 10,000 லிட்டர் நீர்த்தொட்டியில் கரைந்து கிடக்கும்போது, ஏற்கெனவே சிறிதாக இருந்த மனித டிஎன்ஏ மேலும் நீர்த்துச் சிதைகிறது.

இன்றைய ஆய்வுமுறை இத்தகைய குறைபாட்டைச் சமாளிக்கவே வடிவமைக்கப்பட்டது என்பதும் உண்மைதான். பிசிஆர் என்னும் பெருக்கல் வினை, தேர்ந்தெடுத்த டிஎன்ஏ பகுதியை ஒவ்வொரு சுழற்சியிலும் இரட்டிப்பாக்குகிறது. கோட்பாட்டளவில் ஒரு மூலக்கூறு 30 சுழற்சிகளில் சுமார் 107 கோடிப் பிரதிகளாகிவிடும். பெருக்கப்படும் பகுதிகள், பூச்சரத்தில் ஒரே கண்ணி திரும்பத் திரும்ப வருவது போல, ஒரு சிறு எழுத்து வரிசை அடுத்தடுத்து மீளும் இடங்களாகும். ஒருவருக்கு ஓரிடத்தில் அது எட்டு முறை மீளலாம், மற்றொருவருக்குப் பதினொரு முறை மீளலாம்; இப்படிப் பல இடங்களின் எண்ணிக்கையைச் சேர்த்து எழுதினால் கிடைக்கும் எண்வரிசை, ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும். ஆனால் டிஎன்ஏ சிதைந்திருந்தால் சில இடங்கள் மட்டுமே படிக்கக் கிடைக்கும்; ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் டிஎன்ஏ கலந்திருந்தால் எந்த எண் யாருடையது என்பதே சிக்கலாகும். பெருக்கும் கருவி நல்ல தடயத்தைப் பெருக்குவது போலவே குழப்பத்தையும் பெருக்கும்.

இரண்டாவது காரணம் சமூக அமைப்பைச் சார்ந்தது. நாவல்களைப் படிக்கும்போது எளிதில் கண்ணில் படாதது. அமெரிக்க, பிரிட்டன் நாவல்களில் சம்பவ இடத்து டிஎன்ஏ கணினியில் ஏற்றப்பட்டதும் ஒரு பெயர் திரையில் தோன்றுகிறதென்றால், அதற்குப் பின்னால் 1995இல் பிரிட்டனும் 1998இல் அமெரிக்காவும் நாடளவில் தொடங்கிய டிஎன்ஏ தரவுத்தளங்கள் இருக்கின்றன. இந்தியாவில் அத்தகைய தரவுத்தளத்தை நிறுவுவதற்காக 2019இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட டிஎன்ஏ தொழில்நுட்ப மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே இங்கே ஒரு டிஎன்ஏ தடயம் ‘இது யாருடையது’ என்ற கேள்விக்கு விடையளிக்க இயலாது. ‘இது இவருடையதா’ என்ற கேள்விக்கு மட்டுமே விடையளிக்கும். அந்த ‘இவர்’ யார் என்பதைக் காவல்துறையின் சந்தேகமே தீர்மானிக்கிறது. அறிவியல் எவ்வளவு நடுநிலையானதாக இருந்தாலும், அதனிடம் எந்தப் பெயர்களைக் கொண்டுபோய்க் கேட்பது என்ற தேர்வு அறிவியலுக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. கேட்கப்படாத பெயரைப் பற்றி ஆய்வுக்கூடம் ஒன்றும் சொல்லாது.

அப்படியானால் அந்த ‘இல்லை’க்கு மதிப்பில்லையா என்றால், மதிப்பு உண்டு. டிஎன்ஏ ஒப்பீடு உலகில் முதன்முதலாகக் குற்றவியல் வழக்கில் செய்த வேலையே ஒருவரை விடுவித்ததுதான். 1984இல் டிஎன்ஏ ரேகையைக் கண்டறிந்த அலெக் ஜெஃப்ரிஸ், இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில் நடந்த இரு சிறுமியர் கொலைகளில், ஒன்றைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டிருந்த இளைஞர் குற்றவாளி அல்லர் என்று முதலில் காட்டினார். பின்னர் அப்பகுதியில் சுமார் 5,000 ஆண்களின் மாதிரிகள் சேகரிக்கப்பட்டும் உண்மைக் குற்றவாளி அகப்படவில்லை. தனக்குப் பதிலாக உடன் பணியாற்றிய ஒருவரை அனுப்பி அவர் தப்பியிருந்தார். மதுக்கடையில் நடந்த பேச்சு ஒன்று வெளிவந்த பின்னரே காலின் பிட்ச்ஃபோர்க் பிடிபட்டு, 1988இல் ஆயுள் தண்டனை பெற்றார். உலகின் முதல் டிஎன்ஏ வழக்கில் குற்றவாளியை நோக்கி விரல் நீட்டியது யாரோ ஒருவர் சொன்ன சொல். அந்த விரல் சரியான ஆளைத்தான் காட்டுகிறது என்று உறுதி செய்தது டிஎன்ஏ.

வாசகரும் ஜூரியும்

வாசகரின் கருத்து புத்தகத்தோடு நின்றுவிடுமா, நீதிமன்றத்தையும் தொடுமா என்ற கேள்வியை அமெரிக்க ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள். தடயவியல் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்கள், ஜூரியாக அமரும்போதும் ஆய்வுக்கூடச் சான்று இல்லையென்றால் குற்றத்தை நம்ப மறுப்பார்கள் என்ற அச்சத்துக்கு, அத்தொடர்களுள் ஒன்றின் பெயரால் ‘சிஎஸ்ஐ விளைவு’ என்ற பெயர் வழங்குகிறது. ஜூரி என்பது, பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்று முடிவு சொல்லும் குழு. மிச்சிகன் மாநில நீதிபதி டொனால்ட் ஷெல்டன் 2006இல் சுமார் 1,000 ஜூரி உறுப்பினர்களிடம் நடத்திய ஆய்வில், 46 சதவீதத்தினர் எல்லாக் குற்ற வழக்கிலும் ஏதேனும் ஓர் அறிவியல் சான்றையும், 22 சதவீதத்தினர் எல்லாக் குற்ற வழக்கிலும் டிஎன்ஏ சான்றையும் எதிர்பார்த்தனர். எனினும் அந்த எதிர்பார்ப்பு, பெரும்பாலான வகை வழக்குகளில் அவர்களுடைய தீர்ப்பை மாற்றிவிடவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. நம்பத்தகுந்த நேரடிச் சாட்சி கிடைத்தபோது அவர்கள் அதையும் ஏற்றார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் ஜூரி இருந்தது. தடயவியலும் ஜூரியும் சந்தித்த புகழ்பெற்ற வழக்கு புதுக்கோட்டை வழியாகவே கடந்து போயிருக்கிறது. 1952 ஆகஸ்டில் சென்னையில் கொல்லப்பட்ட ஆளவந்தார் என்பவரின் தலையற்ற உடல், ஒரு டிரங்குப் பெட்டியில் வைக்கப்பட்டு, திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி வழியாகச் செல்லும் ‘போட் மெயில்’ ரயிலில் ஏற்றிவிடப்பட்டது. துர்நாற்றம் எழுந்து மானாமதுரையில் அது கண்டுபிடிக்கப்பட்டது. தலையோ சென்னை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சட்ட மருத்துவப் பேராசிரியர் சி.பி. கோபாலகிருஷ்ணன் இரண்டும் ஒரே மனிதருடையவை என்று நிறுவினார். பல்லின் அமைப்பு, காதில் இருந்த துளைகள் ஆகியவற்றோடு, இறந்தவர் முன்பு இராணுவத்தில் பணியாற்றியதால் அங்கே பதிவாகியிருந்த கைரேகையும் அடையாளத்துக்கு உதவியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி முன்னிலையில் அவ்வழக்கை நடத்திய நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர், கதைகளும் நாடகங்களும் எழுதிய எழுத்தாளரும் ஆவார். இங்கும் கைரேகை பதிலளித்த கேள்வி ‘இறந்தவர் யார்’ என்பது மட்டுமே. ‘ஏன் கொன்றார்கள், அதற்கு எவ்வளவு தண்டனை தகும்’ என்ற கேள்விகள் மனிதர்களிடமே வந்து சேர்ந்தன.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு இந்தியாவில் குற்ற வழக்குகளில் ஜூரி முறை முற்றாக மறைந்தது. ஆனால் எதிர்பார்ப்பு மறையவில்லை. அது சட்டத்துக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் சென்று சான்றுகளைச் சேகரிக்க வேண்டும் என்கிறது. அதற்கான வசதிகளை அமைத்துக்கொள்ள மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் தரப்பட்டுள்ளது. நாவலின் நிபுணர் முதல் அத்தியாயத்திலேயே கையுறை அணிந்து வந்து நிற்பது, இனி இங்கும் சட்டப்படி நடக்க வேண்டிய ஒன்றாகிறது. ஆயினும் அவரால் எல்லாவற்றையும் செய்ய இயலாது என்ற மூன்றாவது குறை அப்படியே நிற்கிறது. சேகரிப்பவர் ஒருவர், பொட்டலத்துக்கு முத்திரையிட்டு அனுப்புபவர் ஒருவர், ஆராய்பவர் ஒருவர், நீதிமன்றத்தில் பதில் சொல்பவர் ஒருவர் என்று கைமாறும் தொடரில் ஒரு கையெழுத்து விடுபட்டாலும், எவ்வளவு தெளிவான முடிவும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வியில் ஆட்டம் காணும்.

ஆகவே தடயவியல் நாவலை மதிப்பிட, ‘இது உண்மையில் நடக்குமா’ என்ற பொதுக் கேள்வியைவிடக் கூர்மையான அளவுகோல் ஒன்று வாசகருக்குக் கிடைக்கிறது. நாவலில் வரும் ஒவ்வோர் அறிக்கைக்கும் நேராக, அது விடையளிக்கும் கேள்வி எது என்று பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பார்க்கலாம். இறந்த நேரம், இரத்தப் பிரிவு, டிஎன்ஏ ஒப்பீடு என ஒவ்வொன்றும் தன் கேள்விக்குள் அடங்கி நின்றால், அந்த நாவலாசிரியர் ஆய்வுக்கூடத்தை அறிந்தவர்; தந்தை யார் என்று கேட்ட சோதனையைக் கொண்டு கொலையாளி யார் என்று சொல்லவைத்தால், அவர் தடயவியலை மந்திரக்கோலாகப் பிடித்திருக்கிறார். இதே பென்சிலை விராலிமலை வழக்கின் தீர்ப்புக்கு நேராக வைத்தால், டிஎன்ஏ நின்ற இடத்திலிருந்து சாட்சிகள் தொடர்வது தெரியும். வேங்கைவயல் வழக்குக்கு நேராக வைத்தாலோ, சுமார் 30 பெயர்களுக்கு நேராக ‘இல்லை’ என்ற விடை எழுதப்பட்டிருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகளின் ஊர் முதல் நாள் கேட்ட கேள்விக்கு நேராக, ஆய்வுக்கூடத்தின் கையெழுத்தில் எந்த விடையும் இருக்காது.